ஏழாவது கோழி

எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளர் கையில் காகிதத்தோடு வந்தால், அதில் என் வீட்டைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறது என்று அர்த்தம். அன்றும் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"நீங்களே படிங்க. எனக்குக் காது நல்லாக் கேக்குது."

படித்தார். என் கோழிகள் பகல் முழுவதும் திரிவதால் பக்கத்து வீட்டுத் தையற்காரரின் கீரைப்பாத்தி பாழாகிறதாம், நடைபாதை அசுத்தமாகிறதாம். பதினைந்து நாளுக்குள் கூண்டில் அடைக்க வேண்டுமாம்.

"அடைக்க மாட்டேன்" என்றேன்.

"சார், எல்லாரும் அடைச்சுத்தானே வளக்கறாங்க?"

"முப்பத்து நாலு வருஷம் சிறைக் காவலரா இருந்து மனுஷங்களை அடைச்சிருக்கேன். அவங்க ஏதோ செஞ்சுட்டு வந்தாங்க. என் கோழி என்ன செஞ்சுது?"

"கீரையைத் தின்னுச்சே!"

"அதுக்கு ஆயுள் தண்டனையா?"

செயலாளர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவரைச் சமாளிப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. வீட்டுக்குள்தான் சிக்கல்.

மருமகள் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்கிறவள். எதையும் கண்ணாடிக்குழாயில் போட்டு மூடி வைத்தால்தான் அவளுக்கு நிம்மதி. போன மாதம் தெருநாய் ஒன்று எங்கள் புள்ளிக்கோழியைக் கவ்விக்கொண்டு போனது. மிஞ்சிய இறகுகளை அவள்தான் கூட்டி அள்ளினாள். அன்றைக்குக் கேட்டாள்: "சுதந்திரம் சுதந்திரம்னு சொல்றீங்களே மாமா, நாய் வாயில போகும்போது அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தீங்களா?"

நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே, வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் மகன், துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒரு கம்பிவலைக் கூண்டைக் கொண்டுவந்து நிறுத்தினான். நல்ல வேலைப்பாடு, மறுக்கவில்லை. கதவில் பித்தளைப் பூட்டு ஒன்று தொங்கியது. "காலியாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

என் முறை வேறு. இரவில் கோழிகள் மரப்பெட்டியில் தூங்கும். காலை ஆறு மணிக்குத் திறந்துவிடுவேன். மாலை ஐந்தரைக்கு, வேலையில் இருந்தபோது வைத்திருந்த அதே விசிலை ஒருமுறை ஊதுவேன். ஒரே ஒருமுறை. எங்கே மேய்ந்தாலும் ஓடிவந்து நொய்த் தட்டைச் சுற்றி நிற்கும். எண்ணுவேன். ஏழு இருந்தால் "எண்ணிக்கை சரி" என்று உரக்கச் சொல்லிப் பெட்டியை மூடுவேன். சிறையில் மாலை எண்ணிக்கை ஒன்று குறைந்தால் ஒரு காவலரும் வீட்டுக்குப் போக முடியாது. என் பணிக்காலத்தில் ஒருநாள்கூடக் குறைந்ததில்லை.

மருந்துக்கடையின் மாடியில் நடந்த சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். கடைக்காரர் பின்வரிசையிலிருந்து, "விசில் ஊதினா வந்து நிக்கறதுக்கு அது கோழியா, கான்ஸ்டபிளா?" என்றார். நாற்காலிகள் குலுங்கின. தையற்காரர் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்தார்.

என் பேச்சைக் கேட்டுத் தெரு சிரித்தது அதுதான் முதல் தடவை. எழுந்து நின்றேன்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு எல்லாரும் வாங்க. ஒரு தடவைதான் ஊதுவேன். ஏழு கோழியும் வரும். வந்துட்டா இந்தப் பேச்சு அன்னிக்கே முடிஞ்சுது. ஒண்ணு குறைஞ்சாலும் என் மீசையை எடுத்துடறேன். எழுதிக்கங்க."

செயலாளர் கூட்டக் குறிப்பேட்டில் எழுதினார். படித்துக் காட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடியது. எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. தாத்தா, அப்பா, நான். மூன்றிலும் ஒரே மீசை. அதைக் காப்பாற்ற இந்த மனிதர் கோழிகளை என்ன, தன்னையே கூண்டில் அடைத்துக்கொள்வார் என்று செயலாளர் கணக்குப் போட்டார். நான் அதைத் திருத்தவில்லை.

ஏழில் ஆறைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஏழாவதுதான் தொல்லை. செந்நிறப் பெட்டை. மருமகள் அதற்கு வைத்த பெயர் ஊர்சுற்றி. விசிலுக்கு அதுவும் வரும், ஆனால் கடைசி ஆளாக, கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வரும் சம்பந்தி மாதிரி வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தேகாலுக்கே வாசல் நிறைந்துவிட்டது. மகன் உள்ளிருந்த நாற்காலிகளையெல்லாம் கொண்டுவந்து போட்டான். மருமகள் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். சரியாக ஐந்தரைக்கு ஊதினேன்.

தையற்காரர் வீட்டு வேலியிலிருந்து இரண்டு, நின்றிருந்த காருக்கு அடியிலிருந்து ஒன்று, சாக்கடைப் பாலத்திலிருந்து மூன்று. இறக்கையை விரித்துக்கொண்டு வந்தன. மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். ஆறு. நான் காத்திருந்தேன். தெருமுனைவரை பார்த்தேன். செந்நிறம் எங்கும் இல்லை.

திரும்பியபோது மருமகளின் முகம் வெளிறியிருந்தது. தண்ணீர்த் தட்டைப் பிடித்திருந்த விரல்களுக்கிடையே ஒரு பித்தளைச் சாவி தெரிந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது.

"மாமா, நான்தான்..." என்று தொடங்கினாள்.

"உள்ளே போயி ஒரு சொம்புல தண்ணி கொண்டா" என்றேன். முப்பத்து நாலு வருடக் குரல் அது. போனாள்.

அவள் சொல்லியிருந்தால் என் மீசை பிழைத்திருக்கும். ஆனால் மாமனார் ஊத, மருமகள் பூட்டி வைத்தாள் என்று தெரு மாதக்கணக்கில் மென்று தின்னும். என் வீட்டுப் பெண்ணை நாலு பேர் வாயில் போடுவதற்கா நான் இத்தனை நாள் நிமிர்ந்து நடந்தேன்?

"ஆறு" என்று நானே அறிவித்தேன். "எண்ணிக்கை குறையுது."

"எங்கயாவது முட்டையிட உக்காந்திருக்கும், விடுங்க அண்ணே" என்றார் தையற்காரர். நல்ல மனிதர்.

செயலாளர் என் தோளைத் தொட வந்தார். "மீசையெல்லாம் எதுக்கு சார்? கூண்டுதான் ரெடியா இருக்குன்னு கேள்விப்பட்டேன். நாளைக்கு அடைச்சுடுங்க. நாங்க மத்ததை மறந்துடறோம்."

"நோட்டைக் கொண்டாந்திருக்கீங்கல்ல? படிங்க."

படித்தார்.

"அதுல கூண்டுன்னு ஒரு வார்த்தை இருக்கா?"

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "இல்ல... ஆனா எல்லாருக்கும் தெரிஞ்ச அர்த்தம்..."

"நீங்க எழுதினது, உங்க மை. நான் வச்சது மீசை. கோழியை வைக்கல."

வாசலிலேயே நாற்காலியில் உட்கார்ந்தேன். சவரப்பெட்டியை எடுத்து வரச் சொன்னேன். மகன், "வேணாம்பா" என்று இரண்டு முறை கெஞ்சிவிட்டுக் கண்ணாடியைப் பிடித்தான். நான் சோப்பை நுரைத்துத் தடவி மழிக்கத் தொடங்கினேன். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். மேலுதட்டில் காற்றுப் பட்டது. நாற்பது வருடமாகப் படாத காற்று.

"வாக்கைக் குடுத்தேன், தீத்துட்டேன். கோழி நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வழக்கம்போல வெளிய வரும். கீரைக்கு நான் பொறுப்பு. போயிட்டு வாங்க."

எல்லோரும் போனபின் மருமகள் பின்பக்கம் போய்ப் பூட்டைத் திறந்தாள். ஊர்சுற்றி வெளியே வந்து இறகை உதறி, எங்கள் இருவரையும் ஏசிவிட்டு நொய்த் தட்டுக்குப் போனது.

"அது ஒண்ணு வராமப் போயிடுமோன்னு பயந்துட்டேன் மாமா. மத்தியானமே பிடிச்சு அடைச்சேன். நீங்க ஊதறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி திறந்துவிடலாம்னு இருந்தேன். தண்ணி குடுக்கறதுல மாட்டிக்கிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னைச் சொல்லவிட்டிருந்தா மீசை இருந்திருக்கும்."

"மீசை வளரும்மா."

"ஆனா நாய் வந்தா? இப்பவும் கேக்கறேன்."

"கேளு. பகல் முழுக்க வாசல்ல தடியோட உக்காந்திருப்பேன். எனக்கு வேற என்ன வேலை?"

"தினமுமா?"

"காவல் காக்கறதுக்கு எனக்குச் சொல்லித் தர்றியா?"

அவள் ஒத்துக்கொள்ளவில்லை, முனகிக்கொண்டே உள்ளே போனாள். ஆனால் பூட்டையும் சாவியையும் என் கையில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்துவிட்டு, மகனோடு சேர்ந்து கூண்டைப் பிரித்தேன். தான் பற்றவைத்ததைத் தானே அறுக்க வேண்டியிருக்கிறதே என்று புலம்பிக்கொண்டே அறுத்தான். அந்தக் கம்பிவலையைத் தையற்காரரின் கீரைப்பாத்தியைச் சுற்றி நான்கு பக்கமும் நட்டோம். கதவும் வைத்தோம், பித்தளைப் பூட்டோடு.

தையற்காரர் எட்டிப் பார்த்து, "யாரு அது?" என்றார். பிறகு, "அட, நீங்களா அண்ணே!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் செயலாளர் அந்த வழியாக வந்தார். என் உதட்டைப் பார்த்தார். கூண்டுக்குள் இருந்த கீரையைப் பார்த்தார். அவர் செருப்பை ஒட்டி உரசிக்கொண்டு ஊர்சுற்றி தெருவைக் கடந்து போனது.

"அடுத்த கூட்டத்துல இதைப் பத்தி மறுபடியும் பேச வேண்டியிருக்கும் சார்."

"பேசலாம், நோட்டோட வாங்க" என்றேன். "புருவம் ரெண்டு மிச்சமிருக்கு."