சேமிசியின் முட்டிவலி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் எழுத உட்கார்ந்தது கதையே இல்லை. பற்சக்கரம் செய்யும் எங்கள் கம்பெனி, தான் தொடங்கிய ரக்பி கிளப்பைத் தானே மூடிவிட்டது. விளம்பரப் பிரிவில் இருப்பவன் நான் என்பதால், கம்பெனி இதழுக்கு ஒரு பக்கம் நன்றியுரை எழுதச் சொன்னார்கள்.

‘உழைப்பில் வேரூன்றி, வியர்வையில் மலர்ந்த நம்…’

அதற்கு மேல் போகவில்லை. இப்படி எத்தனை மலர வைத்துவிட்டேன். அலுப்பாக இருக்கிறது. அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டால் மிஞ்சுவது, கேன்டீனில் இசோமுராவின் வலது கையிலிருந்து நழுவிய ஒரு கரண்டிதான்.

2

இசோமுரா காலையில் என் பக்கத்து மேசை; மதியத்துக்கு மேல் மைதானம். முன்வரிசையின் நடு ஆள். இரு அணியும் முட்டித் தள்ளுகிற ஸ்கிரம்மில் இரண்டு பக்கத்துத் தடியர்களின் மேலும் கைபோட்டுக் குனிந்து, எதிரணி மொத்தமும் தள்ளுவதைக் கழுத்தில் வாங்குகிற வேலை.

கரண்டி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது.

“அப்படிப் பாக்காதடா.”

“என்னாச்சுண்ணே?”

“குளிரு. வெரல் மரத்துப்போச்சு.”

கேன்டீனில் ஹீட்டர் அனல் கக்கிக்கொண்டிருந்தது.

3

(இங்கே ஒரு வில்லன் வேண்டும் என்று நினைத்து கம்பெனி இயக்குநர் நுமாஜிரியைக் கொண்டுவந்தேன். கிளப் மூடும் செய்தியை அறிவித்தவர் அவர். “பற்சக்கரம் செய்யறதுதாம்பா நம்ம வேல” என்றார். ஆனால் அவரே இளமையில் இதே கிளப்புக்கு ஆடியவர். அறிவித்துவிட்டுக் குனிந்து வணங்கியவர் நிமிரவே இல்லை. காரியதரிசி வந்து தோளைத் தொட வேண்டியிருந்தது. அவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அந்த வில்லனை அடித்து நீக்கிவிட்டேன்.)

4

சேமிசி டோங்கா தீவிலிருந்து பள்ளிக்கூடம் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன். ஸ்கிரம்மில் இசோமுராவின் வலது பக்கம். கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரம், அணியின் வெந்நீர்க் குளியல் தொட்டியில் இருவர் மட்டும் இருந்தபோது கேட்டிருக்கிறான்.

“அண்ணே, உங்க கை என்னைப் புடிக்கல. சும்மா சட்டைய ஒட்டிக்கிட்டு நிக்குது.”

“வேர்வைடா. வழுக்குது.”

“இத்தன வருஷம் வழுக்காத வேர்வையா? கழுத்துண்ணே. டாக்டர்ட்ட காட்டுங்க.”

“காட்டுனா ஆடாதன்னுவாரு. ஒரே ஒரு ஆட்டம். அப்புறம் கிளப்பே கிடையாது, காட்ட நேரம் நெறைய இருக்கு. நீ கோச்கிட்ட வாயத் தொறந்தே, சாகுற வரைக்கும் உன்கூடப் பேசமாட்டேன்.”

(நான் தொட்டியில் இல்லை. சேமிசி பிறகு இரண்டு குரலிலும் பேசிக் காட்டினான்.)

5

‘கடைசி ஆட்டத்தன்று மழை…’

பெய்யவில்லை. பெய்திருந்தால் எழுத வசதி. அகாகி மலையிலிருந்து வறண்ட காற்று வந்து மண்ணைக் கண்ணில் போட்டது, அவ்வளவுதான். வேலைநேரச் சட்டையோடு தொழிற்சாலையே வந்திருந்தது.

முதல் பாதி முழுக்க ஸ்கிரம் விழுந்து விழுந்து எழுந்தது. ஒவ்வொரு முறையும் இசோமுரா மற்றவர்களைவிடத் தாமதமாக எழுந்தார். இரண்டாம் பாதியில், முன்வரிசை மாற்று ஆட்கள் எல்லோரும் களமிறங்கி முடிந்த பிறகு, சேமிசி முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன்மேல் யாரும் மோதியிருக்கவில்லை.

“ஏய் எந்திரிடா! நடிக்காதே!” எங்கள் பக்கத்திலிருந்தே கூச்சல்.

அவன் நொண்டி நொண்டி வெளியேறினான். முன்வரிசைக்குப் பழகிய ஆள் தீர்ந்துவிட்டால், அதற்கு மேல் ஸ்கிரம்மில் தள்ளக்கூடாது; வெறுமனே சாய்ந்து நிற்க வேண்டும் என்பது விதி. நடுவர் அதையே அறிவித்தார். ஓர் ஆள் குறைந்தோம். தள்ளுவதுதான் எங்கள் பலம், அதுவும் போனது. தோற்றோம்.

(மற்ற மோதல்களில் கழுத்துக்கு ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அவனால் தடுக்க முடிந்தது ஸ்கிரம்மில் தள்ளுவதை மட்டும்தான்.)

தனக்கும் அது கடைசி ஆட்டம் என்பதை சேமிசி என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இசோமுரா அவனை அறைகிறார். இன்னொன்றில் கட்டி… வேண்டாம்.

நடந்தது இது. அணி வரிசையாக நின்று பார்வையாளர்களை வணங்கியது. சேமிசியின் வலது முட்டியில் ஐஸ்பை கட்டியிருந்தது. இசோமுரா அவன் பக்கத்தில் போய் நின்றார்.

“எந்த முட்டிடா?”

“எடதுண்ணே.”

சொல்லிவிட்டு சேமிசி குனிந்து ஐஸ்பையைப் பார்த்தான். இசோமுராவும் பார்த்தார். பிறகு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து யாரோ என் முன்னால் பெரிய கொடியைச் சுருட்டத் தொடங்கினார்கள். கொடி விலகியபோது இருவரும் அங்கே இல்லை.

இசோமுராவுக்குக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. விரல்களுக்கு உணர்வு ஏறக்குறையத் திரும்பிவிட்டது. இப்போதும் பக்கத்து மேசைதான். இதோ, தொலைபேசியில் யாரிடமோ பற்சக்கர விலை பேசிக்கொண்டிருக்கிறார். அன்று என்ன சொன்னீர்கள் என்று கேட்டுவிடலாம். கேட்கப்போவதில்லை.

வாய் திறந்தது வரை நான் பார்த்தேன். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: அவர்களை அழவைத்துவிடாதீர்கள். இரண்டு பேரும் வெட்கப்படுவார்கள்.