காலருக்குள் ஒரு முடி

புதன்கிழமை மதியம் சட்டைக் கம்பெனியின் மடிப்பு மேசையைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள். தலைமாட்டில் சூப்பர்வைசர். அவருக்கு இடப்பக்கம் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் பெரியவர். எதிரே, மின்விசிறிக் காற்றை மொத்தமாக வாங்கிக்கொண்டு, பொத்தான் தைப்பவள். கதவோர முக்காலியில், தலையில் துணியை இறுக்கிக் கட்டிய அயர்ன் அக்கா.

நடுவில், கடையிலிருந்து திரும்பி வந்த வெள்ளைச் சட்டை. காலர் மடிப்புக்குள் முழ நீளத்துக்கு ஒரு முடி.

“யாரோடது?” என்றார் சூப்பர்வைசர்.

“என்னைப் பாக்காதீங்க சார். என் தலையில முடியிருந்து மாமாங்கமாச்சு” என்று பெரியவர் வழுக்கையைத் தடவினார்.

எல்லோர் கண்ணும் பொத்தான்காரியின் நீளச் சடைமேல் விழுந்தது.

“இறுக்கிப் பின்னித்தான் சார் வர்றேன். வேணும்னா இழுத்துப் பாருங்க, ஒண்ணுகூட வராது!”

“திங்கக்கிழமைலேர்ந்து வேற ஆள் பாத்துக்கறேன்மா.”

“அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா!”

அக்கா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். அந்த முடியின் வேர்ப்பக்கம் நரை. கண்ணாடி போடாத சூப்பர்வைசருக்கு அது தெரியவில்லை. தலைக்குச் சாயம் பூசிய அவளுக்குத் தெரிந்தது.

வலிப்புக்கு மாத்திரை மாற்றி நாலு மாதம். வலிப்பு நின்றது, முடி நிற்கவில்லை. தலையணையில், சீப்பில், குளியலறைச் சல்லடையில் கொத்துக் கொத்தாக வந்தது. சொல்லி அழ வீட்டில் ஆளில்லை. தங்கை தொலைபேசியில் “சாப்டியா?” என்பாள். “ஆச்சு” என்று இவள் வைத்துவிடுவாள். வலிப்பு என்று தெரிந்தால் சூடான இஸ்திரிப் பெட்டியை யார் கையில் கொடுப்பார்கள்? அந்தப் பயத்தில்தான், உதிர்வதை மறைக்க, தலையில் துணி. ஒருநாள் புழுக்கம் தாளாமல் அதை அவிழ்த்து உதறினாள், தேய்த்து வைத்த சட்டைகளுக்கு முன்னாலேயே.

புதன்கிழமை மாலை வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள். நாலு பேர் முன்னால் ஒட்டிக்கொண்ட நாக்கு தாளில் ஒட்டாது. தேதி, பெறுநர், பிறகு “பொருள்: முடி யாருடையது என்பது பற்றி.”

“ஐயா, அது என் முடி. வலிப்பு மாத்திரையால் உதிர்கிறது. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்பதால் நிறுத்தவில்லை. தலைத்துணியை உதறியது என் பிழை. பொத்தான் தைக்கும் பெண்மேல் குற்றமில்லை. என்னைத் தேய்க்க விடுவதும் விடாததும் தங்கள் முடிவு. மடிப்பு வேலையும் எனக்குத் தெரியும்.”

கடைசி வரியை அடித்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்து, மறுபடி எழுதினாள்.

மறுநாள் யாரும் வருமுன் சூப்பர்வைசர் அறை வாசலில் நின்று உறையை ஒட்டினாள். கதவுக்கு அடியில் தள்ளினாள். ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் விரலால் உள்ளே தள்ளினாள்.