மலையிடுக்கில் ஒரு பெயர்

கைகுலுக்க நீட்டிய கை பாதியிலேயே நின்றுவிட்டது மெர்லீனுக்கு. எதிரே நின்ற பெரியவர் சிரித்த முகமாகத் தன் பெயரைச் சொன்னதுதான் காரணம். அது அவள் தம்பியின் பெயர். தம்பி செத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஆஸ்திரேலியப் பூர்வகுடியான மெர்லீனின் சனத்தில் ஒருவர் இறந்துபோனால் அவர் பெயரையும் கூடவே புதைத்துவிடுவார்கள்; வருஷக்கணக்கில் யார் வாயிலும் அது வராது. அதே பெயரோடு உயிருடன் இருக்கிறவருக்கும், பாவம், வேறு பெயர் வைத்துவிடுவார்கள். பெயரைக் கேட்டால் போய்க்கொண்டிருக்கும் உயிர் நின்று திரும்பிப் பார்க்கும், போக வேண்டிய இடம் போய்ச் சேராது என்று பயம். அதனால் அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை.

"உங்களை பாஸ்னே கூப்பிடுறேன்," என்றாள் மெர்லீன்.

"அம்பது வருஷத்துல இப்பத்தான் அவருக்குப் பதவி உயர்வு கிடைச்சிருக்கு," என்றாள் அவர் மனைவி பெவ்.

மெர்லீன் அந்தத் தேசியப் பூங்காவின் வனக்காவலர். கடைசிப் பெட்ரோல் பங்க்கிலிருந்து இருநூறு கிலோமீட்டர் செம்மண் சாலை தாண்டி, ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது பூங்கா. ஜூலை மாதத்தில் வெளியே சுகமான வெயில் அடிக்கும். ஆனால் மலையிடுக்குகளின் அடியில் கிடக்கும் தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு வரை குளிரும். அன்று ஆட்களை நடத்திக் கூட்டிப்போகிற முறை அவளுடையது. வந்தது இந்த இரண்டு பேர்தான். முதல் இடுக்கில் இரும்பேணி வழியாக இறங்கியதும், மெர்லீன் ஒரு கூழாங்கல்லைத் தன் அக்குளில் தேய்த்து, தன் வாடை ஏறியதும் மடுவில் எறிந்து, தன் பாஷையில் ஏதோ சொன்னாள்.

"யாருகிட்டப் பேசுறே?" என்று கேட்டார் பெரியவர்.

"இங்க இருக்கிற பழையவங்ககிட்ட, எங்க மூதாதைங்ககிட்ட. புதுசா ரெண்டு பேர் வந்திருக்காங்க, நல்லவங்கதான், ஒண்ணும் பண்ணிடாதீங்கன்னு சொன்னேன்."

"நல்லவங்கன்னு உனக்கெப்படித் தெரியும்?" என்று கண்ணடித்தார். மெர்லீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

அவர் பின்தங்கிப் பாறையைத் தடவிக்கொண்டு வந்த நேரத்தில் பெவ் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு வருஷமாச்சு, கண்ணு. பிள்ளைங்க பேரு மறந்துபோச்சு. சில நாள் என்னையே யாருன்னு கேக்குறாரு. எல்லாம் மழுங்கிப்போச்சு. ஆனா அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மட்டும் டக்குனு திரும்பிடுவாரு. அது ஒண்ணுதான் பாக்கி."

இதைக் கிளம்பும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கூட்டிப்போக மாட்டார்கள் என்று பயந்து மறைத்திருக்கிறாள் மனுஷி. திரும்பிவிடலாமா என்று மெர்லீன் யோசித்தாள். பெரியவர் பாறைக்குப் பாறை குழந்தையைப் போல் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து மனசு இளகி, விட்டுவிட்டாள். அது அவள் செய்த தப்பு.

இரண்டாவது இடுக்கில் சாப்பிட்டு எழும்போது ஈரப்பாறையில் பெவ்வுக்குக் கால் பிசகியது. கணுக்கால் மளமளவென்று வீங்கியது. மெர்லீன் குனிந்து கட்டுப்போட்டு நிமிர்வதற்குள் பெரியவரைக் காணோம். பெவ் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டுப் பார்த்தாள். பக்கத்து அருவியின் இரைச்சல் அவள் குரலை அங்கேயே அமுக்கிவிட்டது. மெர்லீன் சிக்னலுக்காக மேல்திட்டுக்கு ஏறி வயர்லெஸ்ஸில் டூகலைப் பிடித்தாள். கூட வேலை பார்ப்பவன்; வேறு சனம்தான், ஆனாலும் தம்பியின் சாவுக்கு வந்து மண் அள்ளிப் போட்டவன்.

"காணாமப் போனவர் பேரென்ன?" என்று கேட்டான்.

"என் தம்பி பேரு," என்றாள் மெர்லீன்.

"நீ கூப்பிடாதே, மெர்லீன். நான் வந்து கூப்பிடுறேன். ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன்."

மணி மூன்று. நாலு மணிக்கெல்லாம் இடுக்குக்குள் இருட்டிவிடும்.

அவள் இறங்கி வந்ததும் பெவ் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கத்திக் கத்திக் குரல் போய், பெவ்வுக்குப் பேச்சு வெறும் மூச்சாகத்தான் வந்தது. "உள்ள போய் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடு. இவ்வளவு நேரம் நீ ஒரு தடவைகூடக் கூப்பிடலையே, ஏன்? ஒரு பேருதானே, கண்ணு?"

மெர்லீன் மடுவில் இறங்கினாள். இடுப்பளவுத் தண்ணீர். மறுகரையில் பெரியவரின் தொப்பி மிதந்தது. அங்கிருந்து இடுக்கு இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் தோள் உரசுகிற சந்துகள். ஒன்றைத் தேடி முடிக்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும். தப்பான சந்தில் போனால், நனைந்த அந்தக் கிழட்டு உடம்பு மற்றதில் விறைத்துவிடும்.

"கூ... ஈ..." என்று காட்டுக்கூவல் கூவிப் பார்த்தாள். "பாஸ்! பாஸ்!" என்று கத்தினாள். பாறை அவள் குரலைத் திருப்பித் தந்ததே தவிர வேறு சத்தம் இல்லை. காலையில் கிடைத்த பதவி அவர் நினைவில் எங்கே நிற்கப்போகிறது?

தம்பி செத்தது ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி, நகரத்து ஆஸ்பத்திரியில். கடைசி மாதங்களில் வாரம் மூன்று நாள் அவன் ரத்தத்தை மெஷின் சுத்தம் பண்ணியது. ஊருக்குக் கூட்டிப்போ என்று போனில் அழுதான். பெட்டியில்தான் கொண்டுவர முடிந்தது. அடக்கம் முடிந்தபின் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இனிமேலாவது அவனை நிம்மதியாப் போக விடுங்க." இந்த நாலு மாதத்தில் கனவில்கூட மெர்லீன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிடத் துடித்த நாட்கள் எத்தனையோ. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பாறைமேல் கிடந்த கடைசி வெயில் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பற்கள் கிட்டின. அந்தக் கிழவருக்கு எப்படி இருக்கும்?

வாயைத் திறந்து அந்தப் பெயரைக் கூப்பிட்டாள்.

முதல் தடவை காற்றாகத்தான் வந்தது. இரண்டாம் தடவை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். இரண்டு சந்துகளும் அதை வாங்கி உள்ளே கொண்டுபோயின. ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்தப் பெயர் தேய்ந்து தேய்ந்து தூரப் போய்க்கொண்டே இருந்தது.

"இதோ, இங்கதான் இருக்கேன்," என்றது இடது சந்திலிருந்து ஒரு குரல்.

கிழவரின் குரல்தான். தெரிந்தும் அவளால் உடனே நகர முடியவில்லை. அந்தப் பெயருக்கு யாரோ பதில் சொல்லிவிட்டார்கள். பாறையில் நெற்றியை முட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் அழுதாள். அப்புறம் ஓடினாள்.

அவர் ஒரு திட்டின்மேல் உட்கார்ந்து குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மெர்லீன் பையிலிருந்த கம்பளிச் சட்டையை அவருக்கு மாட்டிக் கையைத் தேய்த்துவிட்டாள்.

"நீயா கூப்பிட்டே?"

"ஆமா."

"எதுக்கு?"

"வீட்டுக்குப் போகலாம்னுதான்."

அவர் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இடுக்கு பிரிகிற இடத்துக்கு வந்ததும் மெர்லீன் நின்றாள். வலது சந்து கன்னங்கரேலென்று கிடந்தது. அதைப் பார்த்துத் தன் பாஷையில் சொன்னாள்: "உன்னைக் கூப்பிடலடா. இவரைத்தான் கூப்பிட்டேன். நீ நிக்காம போ, ராசா. போ."

பெரியவருக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் பார்த்த இருட்டைப் பார்த்தார். யாரையோ ரயிலேற்றிவிட வந்தவர் போல, கையைத் தூக்கி அந்தப் பக்கமாக மெல்ல ஆட்டினார்.