நாலாயிரம் மீட்டர் ஆடு

கரூர்ல கர்ட்டன் துணியில ஆட்டை அச்சடிச்சா அதுக்குப் பசிக்கும். அதனால ஆடு வரையறவங்க பக்கத்துலயே நாலு இலை சேர்த்துப் போட்டுருவாங்க. தவமணி கொஞ்சம் கஞ்சத்தனமாப் போட்டுட்டா, அவ்வளவுதான்.

யாருகிட்டயும் வேலைக்கு நிக்காம, வீட்டுலயே டிசைன் போட்டு, பட்டறை பட்டறையா ஏறி எறங்கி விக்கறவ அவ. பதினோரு வருசமா அவ டிசைனெல்லாம் எவன் எவன் பேர்லயோ ஜன்னல்ல தொங்குச்சு. இந்தத் துணியோட ஓரத்துலதான் மொதல் தடவையா ‘தவமணி’ன்னு அச்சாகியிருந்துச்சு.

அடிச்ச மறுநாள் பாத்தா நாலாயிரம் மீட்டர்லயும் ஒரு இலை இல்லை. வெறுங்கொடி. ஆடு மட்டும் பந்தியில எந்திரிக்காத மாப்பிள்ளையாட்டம் நிக்குது.

“ஆட்டை எடுத்துருவமா அம்மணி?”ன்னாரு பட்டறை மொதலாளி நல்லசாமி.

“எடுத்தா அது என்ற டிசைனே இல்லீங்ண்ணா. இலையை எவன் வேணாலும் வரைவான்.”

“செரி, இலையை மட்டும் இன்னொருக்கா அடிச்சுத் தாரேன். ஆனா பசி அடங்கலைன்னா ஆடு அதையும் தின்னுரும். வெள்ளிக்கிழமை வாங்கறவங்க வந்து பாக்கறப்ப ஒரு இலை கொறஞ்சாலும் ஆடும் போயிரும், உம்பேரும் போயிரும். இத்தனை ஆட்டுக்குத் தீனிக்கு எங்க போவே?”

“இத்தனை எங்கீங்ண்ணா? ஒரே அச்சுல விழுந்த ஆடு. ஒண்ணுக்குப் போட்டா அத்தனைக்கும் வயிறு ரொம்பிரும்.”

“அதுஞ்செரிதான்.”

ஒரு மீட்டர் வெட்டிக்கிட்டுப் போயி, சமையல் மேடையில விரிச்சு, ஆட்டு வாய்க்கு நேரா அகத்தியிலை வரைய ஒக்காந்தா. வரைய வரைய அது தின்னுச்சு. லேசுப்பட்ட ஆடில்லை. பச்சை ஒரு துளி மாறுனா மோந்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும். அவசரத்துல நரம்பு போடாம விட்ட இலையைத் துப்பிருச்சு.

“பதினோரு வருசத்துல ஒரு பட்டறைக்காரனும் இப்படி நோட்டம் பாத்ததில்லைடி”ன்னு வஞ்சுக்கிட்டே நரம்பு போட்டா. மூணு நாளு. விரலு வீங்கவும் இடது கைக்கு மாத்திக்கிட்டா. அந்த இலையையும் அது குத்தம் சொல்லாம தின்னுச்சு.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆடு ஏப்பம் விட்டுச்சு. பட்டறையில நாலாயிரம் மீட்டரும் சேர்ந்து விட்டதுல ஜன்னல் கண்ணாடி ஆடுச்சுன்னு நல்லசாமி போன்ல சொல்லிட்டு, இலையை அடிக்கப் போயிட்டாரு.

வெள்ளிக்கிழமை வாங்க வந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இலை இலையாத் தடவிப் பாத்தாங்க. ஒண்ணும் கொறையலை. ஓரத்தைப் படிச்சாங்க.

“தவமணிங்கறது ஆட்டோட பேரா?”

“நானுங்க.”

“செரி, இருக்கட்டும்.”

அடுத்த மாசம் அந்தம்மாகிட்ட இருந்து மறுபடி ஆர்டர் வந்துச்சு. ஆடு நல்லாப் பால் சொரக்குதாம், ஜன்னலுக்கடியில தரையெல்லாம் ஈரமாம். இனிமே ஒவ்வொரு கர்ட்டன்லயும் சொம்பு மாட்டக் கொக்கி வெச்சுத் தெச்சுத் தரணுமாம்.

தவமணி பென்சிலைச் சீவிக்கிட்டே கேட்டா: “அரை லிட்டர் சொம்புங்களா, ஒரு லிட்டருங்களா?”