தருமன், ரோகிணி நட்சத்திரம்

சரோஜா மலையைச் சுற்றி நடந்தால் அவள் கணவர் தருமனுக்குச் சர்க்கரை குறையும் என்பது 2022-ஆம் வருஷம் தை மாதம் ரத்தப் பரிசோதனையில் தெரியவந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரத்தம் கொடுத்திருந்தார்கள். அவருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, அவளுக்கு நூற்று நாற்பத்தெட்டு. டாக்டர் இருவருக்கும் சேர்த்து ஒரே சீட்டில் எழுதினார்: தினமும் நடை, சோறு ஒரு கரண்டி, உப்பு கம்மி, இனிப்பு கூடாது, ஒன்பதரைக்குப் படுக்கை. அரசாங்க ஜீப் ஓட்டி ஓய்வுபெற்ற தருமன் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்து, சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டார். சரோஜா அதற்குள் அதை மனப்பாடம் செய்திருந்தாள். வீடு செங்கம் ரோட்டை ஒட்டிய தெருவில் இருந்தது. கிரிவலப் பாதை தெருமுனையிலேயே போனது. விடியற்காலை நாலு மணிக்குச் செருப்பில்லாமல் கிளம்பி, பதினான்கு கிலோமீட்டரும் நடந்து, எட்டுக்குள் திரும்பிவிடுவாள். பகலில் கேழ்வரகுக் கூழ். ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். தருமன் வழக்கம்போல மாலை டீக்கடையில் நாலு போண்டா தின்றார்.

மூன்று மாதம் கழித்து அவருக்குத் தொண்ணூற்றெட்டு, அவளுக்கு இருநூற்று முப்பத்தொன்று. அவர் இடுப்பு இரண்டு அங்குலம் இளைத்திருந்தது. முட்டிவலியும் பாதத்து வெடிப்பும் அவளுக்கு வந்திருந்தன. வேதியியல் படித்த மகள் கவியா, லேபில் ரத்தக் குப்பி மாறியிருக்கும் என்றாள். இன்னொரு லேபிலும் அதே எண்கள் வந்தன. கவியாவே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஜிலேபியும் அம்மாவுக்குப் பாகற்காயும் கொடுத்து, அரைமணிக்கு ஒருதரம் இருவரையும் குத்தினாள். ஜிலேபி அம்மாவின் ரத்தத்தில் ஏறியது. பாகற்காய் அப்பாவுக்குப் போனது. கசப்பு மட்டும் அம்மாவின் நாக்கில் நின்றது. அடுத்த ஞாயிறும் அப்படியே வந்ததால் கவியா கருவியை உறையில் போட்டு மூடினாள்.

எங்கே தவறியது என்று சரோஜாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. முதல் நாள் நடக்கக் கிளம்பும்போது, தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை செய்தாள். குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டார். இருபத்தேழு வருஷமாக எந்தக் கோயிலில் யார் கேட்டாலும் அவள் வாயில் வருவதே அன்றைக்கும் வந்தது: தருமன், ரோகிணி. அதன்பிறகு அவள் வைத்த அடியெல்லாம் அந்தப் பேருக்குப் போய்ச் சேர்ந்தது. போன வழியாகவே அவர் தின்றது இவளுக்கு வந்தது.

பேரை மாற்றிச் சொல்லலாம் என்று மறுநாளே கோயிலுக்குப் போனாள். "சரோஜா" என்றாள். நட்சத்திரம் கேட்டபோது நின்றுவிட்டாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கொல்லைமேட்டில், மல்லாட்டைச் செடி பிடுங்குகிற சமயத்தில் பிறந்தவள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போல ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார்கள். கேட்டுச் சொல்ல அம்மா உயிரோடு இல்லை. பேரின் முதல் எழுத்தை வைத்து, சதயம் என்று குருக்களே ஒன்றைச் சொன்னார். அந்த வாரம் கோயில் வாசலில் பூ விற்கும் இன்னொரு சரோஜாவுக்கு, சதயத்தில் பிறந்தவளுக்கு, பத்து வருஷ ரத்தக்கொதிப்பு இறங்கியது. அவள் சந்தோஷமாக ஒரு முழம் மல்லி இனாமாகக் கொடுத்தாள். தருமனோ அதே வாரம் மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டுக்காரர் பேருக்கே பண்ணிடலாம்மா. ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் குருக்கள்.

பழையபடி தருமன் பேருக்கே நடந்தவள், வைகாசியில் கோபத்தில் நடையையே நிறுத்திப் பார்த்தாள். நாலாம் நாள் தருமன் குளியலறையில் விழுந்தார். சர்க்கரை முந்நூற்று நாற்பது. ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருக்க, சரோஜா வீங்கிய முட்டியோடு மலையைச் சுற்றிவிட்டு வந்தாள். அவள் வார்டுக்குள் நுழையும்போது அவர் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்த முடியாது என்பது அன்றோடு முடிவாயிற்று.

மிச்சமிருந்த வழி அவர் நடப்பதுதான். அவர் தின்பது இவளுக்கு வருமானால் நடப்பதும் வரத்தானே வேண்டும். கவியா இதை அப்பாவிடம் காகிதத்தில் அம்புக்குறி போட்டு விளக்கினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"எனுக்குத்தான் எல்லாம் நார்மலா கீதே, நான் எதுக்கு நடக்கணும்?"

"அம்மாவுக்கு ஜாஸ்தியா இருக்குதுப்பா."

"அப்ப அவளை இன்னும் ரெண்டு சுத்து நடக்கச் சொல்லு."

"இந்த மனுசனுக்கு ஜீப்புதான் காலு" என்றாள் சரோஜா. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கெட்டவர் இல்லை. அவளுக்கென்று தைலம் வாங்கி வந்து, தன் கையாலேயே முட்டியில் தேய்த்தும் விட்டார். அந்தச் சூடு அவர் முட்டிக்குப் போனது.

இது நாலு வருஷத்துக் கதை. இப்போது அவளுக்கு இன்சுலின் போடுகிறார்கள். ஊசி அவளுக்கு, மருந்து அவருக்கு. பாதம் மரத்துப்போனதால் முள் குத்துவது அவளுக்குத் தெரிவதில்லை. அவருக்கு நரை நின்றுவிட்டது. வீட்டிலிருந்து டீக்கடை இருநூற்று முப்பது அடி என்று அவள் கண்டுபிடித்தாள். அவர் அந்த இருநூற்று முப்பது அடி வைக்கிற வரைக்கும் அவள் முட்டியில் வலி இருப்பதில்லை. அதனால் தினமும் நாலு மணிக்கு அவளே, "டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவைக்கிறாள். அவர் போகும்போது அடுக்களைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். அவர் போண்டா தின்னும்போது அவளுக்கு வாய் உலர்ந்து கண் இருட்டும், காத்திருப்பாள்.

"ஏங்க, ஆசிரமத்துக்கு அந்தாண்ட ஒரு கடையில போண்டா நல்லா இருக்குதாம்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"அம்மாந்தூரம் எவன்மே நடப்பான்?" என்றார் தருமன்.

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. அவர் திரும்பி வருகிற அடிகளில் தரையிலிருந்து எழுந்துவிட வேண்டும். சில நாள் அவர் வழியில் யாரிடமாவது நின்று பேசிவிடுவார். அப்போது பாதி எழுந்த நிலையில் சுவரைப் பிடித்தபடி, அவர் மறுபடி நடக்கத் தொடங்கும்வரை சரோஜா நின்றுகொண்டிருப்பாள்.