வெள்ளிக்கிழமை நானா

டீவி நகைச்சுவைத் தொடர் எடுக்கத் திகனைக்கு வந்த நெறியாளர், நானா என்று எல்லாரும் கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனாக நடிக்க என்னைக் கூப்பிட்டார். நான் வாயைத் திறந்ததும் முகம் சுளித்தார்.

“முஸ்லிம் மாதிரியே இல்லையே நீங்க.”

நாற்பது வருசமாக முஸ்லிமாக இருக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புசல்லாவையிலிருந்து வந்த சர்ச்சுக்குப் போகிற வேதக்கார நடிகர் அம்புறோஸுக்குத் தாடி ஒட்டி, குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பியும் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பகல் படப்பிடிப்பு. கடைகளைப் பூட்டிவிட்டு எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். தெருவில் மிஞ்சிய ஒரே நானா அம்புறோஸ்தான். என்னோடு பள்ளிவாசலுக்குப் பிந்தி ஓடிவந்த மச்சான் நிஸ்தார், அவரைப் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவு தாடிய வச்சிக்கிட்டு ஜும்ஆ நேரம் றோட்டுல நிக்கிறீங்களே, அல்லாஹ்வுக்குப் பயமில்லையா?”

கெமரா ஓடிக்கொண்டிருந்தது. படப்பிடிப்பு ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நெறியாளர் அந்தக் காட்சியை வெட்டிவிட்டார். நிஸ்தாரும் முஸ்லிம் மாதிரி இல்லையாம்.