யாருக்காக அந்த முகாம்

மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அவளுக்கு மைக் என்றாலே ஆகாது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அது தெரியாமல் கடைக்கே வந்து நின்றார்.

"நம்ம கூடைப்பந்து முகாமுக்கு இது இருபதாவது கோடை. எப்படி ஆரம்பிச்சதுன்னு நீங்கதான் பேசணும். பொண்ணு தனியா இருக்கான்னு ஆரம்பிச்சீங்கன்னு கேள்வி, அதுக்கு மேல யாருக்கும் தெரியாதே."

மறுக்க வாயெடுத்தாள். அதற்குள் "தேங்க்ஸ்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஆரம்பம் அவளுக்கு நேற்று நடந்த மாதிரி இருந்தது. கணவன் போய்ச் சேர்ந்த வருடம். பத்து வயது மகளை அழைத்துக்கொண்டு இந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிவந்தாள். பள்ளி விடுமுறை தொடங்கியதும் பிள்ளை ஜன்னலே கதி என்று கிடந்தது. கட்டடத்துக்குப் பின்னால் கார்கள் நிற்கும் திடலில் துருப்பிடித்த கூடைப்பந்து வளையம் ஒன்று கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தன் பள்ளி நாட்களில் அவளும் ஆடியவள்தான். ஒரு பந்து வாங்கினாள். கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். நாலு பிள்ளைகள் வந்தார்கள்.

கீழ்வீட்டு லாரி டிரைவர் தூக்கம் கெட்ட எரிச்சலில் சண்டைக்கு வந்தவர். பிள்ளைகள் பந்தைப் பிடிக்கும் அழகைப் பார்த்து, "அட, வாழைப்பழம் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டு களத்தில் இறங்கினார். அன்று முதல் அவர் 'நெட்டை சார்'. கார்க்காரர்களோடு மல்லுக்கு நின்று திடலை வாங்கித் தந்ததும் அவர்தான். அடுத்தடுத்த கோடைகளில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வந்து குவிந்தார்கள். அவள் தண்ணீர் கொடுப்பாள், சிராய்ப்புக்கு மருந்து போடுவாள், தோற்றவர்களோடு சேர்ந்து நடுவரைத் திட்டுவாள். மகள் அணித்தலைவியானாள்.

பிறகு மகள் படிக்கப் போனாள், தூரத்து நகரத்தில் வேலைக்கும் சேர்ந்தாள். நெட்டை சார் தன் மகன் வீட்டோடு போய்விட்டார். முகாமைச் சங்கம் எடுத்துக்கொண்டது. சம்பளப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், முதலுதவிக்கும் ஆள் போட்டார்கள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

என்ன பேசுவதென்று தெரியாமல் மகளுக்குப் போன் போட்டாள்.

"உனக்காகத்தானே ஆரம்பிச்சேன், அதையே சொல்லிடட்டுமா கண்ணு? நீ தனியா ஜன்னல்ல உட்கார்ந்திருப்பியே..."

மறுமுனையில் மகள் சிரித்தாள். அப்புறம் தயங்கினாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? எனக்கு அந்த விளையாட்டு பிடிக்கவே பிடிக்காது."

"என்னடி சொல்ற? அத்தனை வருஷம் ஆடினியே!"

"நீ கடையிலேர்ந்து வந்து, டிவியைக்கூடப் போடாம அதுக்கு முன்னாடி உட்கார்ந்திருப்ப. நான் கூப்பிட்டாலும் காதுல விழாது. பந்தை எடுத்தப்பதான் சிரிச்ச. அதான் ஆடினேன்."

"அப்ப ஜன்னல்ல..."

"படம் வரைஞ்சிட்டிருந்தேன்மா. எனக்கு அதுதான் பிடிக்கும்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ முகாமை நிறுத்தியிருப்ப."

அவள் அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லிப் போனை வைத்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

விழா நாளில் திடல் நிறையப் பெற்றோர்கள். யார் முகமும் அவளுக்குப் பழக்கமானதாக இல்லை. செயலாளர் அவளை அறிமுகப்படுத்தினார்: "மகள் தனியா இருக்காளேன்னு இந்த முகாமையே உருவாக்கின தாய்!" கைதட்டல் எழுந்தது. மைக் கைக்கு வந்தது.

"அப்படி இல்லீங்க," என்றாள். "தனியா இருந்தது நான்தான். எனக்குப் பொழுது போகாமத்தான் ஆரம்பிச்சேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "என்ன தன்னடக்கம்!" என்று செயலாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். ஆட்டம் தொடங்கியதும் அவள் எழுந்து போனதை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளைக் கூப்பிட்டாள்.

"பேசினியாம்மா?"

"பேசினேன். உள்ளதைத்தான் சொன்னேன். சிரிச்சாங்க."

"அடுத்த மாசம் லீவு போட்டு வரேன்."

"வா கண்ணு. வந்து அந்த ஜன்னல்ல உட்கார்ந்து ஆசை தீர வரை. நான் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"இப்பல்லாம் நான் வரையறதில்லம்மா. விட்டுப்போச்சு."

கீழே யாரோ பந்தைக் கூடையில் போட்டிருக்க வேண்டும். விசிலும் ஆரவாரமும் மாடி வரை கேட்டன.

"என்னம்மா அங்க ஒரே சத்தம்?" என்றாள் மகள்.

"பசங்க ஆடறாங்க," என்றாள் அவள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இருவருமே போனை வைக்காமல் இருந்தார்கள்.